முதலில் துறை, பிறகு படகு

உல்லாசப் படகை வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்திருப்பது பல வருட வேலை. விற்பது இரண்டையும்விடக் கடினம். மூன்றையும் ஒரே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு வாங்குபவருக்கே கடல் காற்று இனிக்கும்.

படகு வைத்திருப்பவருக்கு வாழ்க்கையில் இரண்டே நாள்தான் சந்தோஷம். ஒன்று, படகை வாங்கிய நாள். மற்றொன்று, அதை விற்றுத் தொலைத்த நாள். எல்லா நாட்டுத் துறைமுகங்களிலும் புழங்கும் இந்தப் பழைய கேலி மும்பையின் அப்போலோ பந்தரிலும் கொச்சியின் போல்காட்டியிலும் அப்படியே பொருந்துகிறது.

இந்தியாவில் பாய்மரப் படகோட்டம் புதிதல்ல. ராயல் பாம்பே யாட் கிளப் 1846லும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911லும் தொடங்கியவை. வெகுகாலம் அது வெள்ளைக்கார அதிகாரிகளும் பின்னர் ராணுவத்தினரும் பெரும் பணக்காரர்களும் அனுபவித்த விளையாட்டு. இப்போது டாக்டர்கள், நடுத்தரத் தொழிலதிபர்கள், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று வேறு சிலரும் எட்டிப் பார்க்கிறார்கள். இவர்களில் பலர் செய்யும் முதல் தவறு ஒன்றுதான். படகைப் பார்த்து மயங்கிய பிறகு, அதை எங்கே கட்டுவது என்று யோசிக்கிறார்கள். கார் வாங்கினால் வாசலில் நிறுத்தலாம். படகுக்கு வாசல் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை

விற்பவர் சொல்லும் விலை உண்மையான விலை அல்ல. ரூ. 20 லட்சத்துக்கு ஒரு சிறிய விசைப்படகு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கட்டுமிடக் கட்டணம், படகைக் கரையேற்றும் செலவு, அடிப்பாகத்துக்கு வர்ணம், இன்ஜின் பராமரிப்பு, இன்சூரன்ஸ், ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்பது படகுக்காரர்களின் பொதுக் கணக்கு. அதாவது ரூ. 2 லட்சம். பழைய படகாக இருந்தால் இதற்கு மேலும் போகும்.

ஐந்து வருடம் கழித்து அதை ரூ. 12 லட்சத்துக்கு விற்க முடிந்தால் நஷ்டம் ரூ. 8 லட்சம். வருடத்துக்கு ரூ. 1.6 லட்சம். வங்கியில் போட்டிருந்தால் 7 சதவீத வட்டியில் அந்த 20 லட்சம் வருடத்துக்கு ரூ. 1.4 லட்சம் தந்திருக்கும். மூன்றையும் கூட்டினால் ரூ. 5 லட்சம்.

இனி முக்கியமான கேள்வி. வருடத்தில் எத்தனை நாள் படகு நகரும்? மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கிடையாது. மீதியில் கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை, வெளியூர்ப் பயணம், இன்ஜின் கோளாறு எல்லாம் போக மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும். 12 நாள் என்று வைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை ரூ. 41,000க்கு மேல். இதில் பெட்ரோல் சேரவில்லை.

பெட்ரோல் தனிக் கதை. 100 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 35 முதல் 40 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் மணிக்கு ரூ. 4,000 வரை புகையாகப் போகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது படகுக்காகவே சொன்னது போலிருக்கிறது.

இந்தக் கணக்கு யாரையும் பயமுறுத்துவதற்கல்ல. வருடத்துக்கு 12 நாள் மட்டும் போகிறவருக்கு வாடகைப் படகே லாபம். 40 நாள் போகிறவருக்கு அதே செலவு நாளுக்கு ரூ. 12,500 ஆகக் குறைந்துவிடும். ஆகவே முதல் வருடம் வாடகைக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம். அல்லது ஒரு கிளப்பில் சேர்ந்து கிளப் படகுகளை ஓட்டலாம். டைரியில் போன நாட்களைக் குறித்து வைத்தால் வருடக் கடைசியில் பதில் தானாகக் கிடைக்கும். குடும்பத்தில் யாருக்குக் கடலில் வாந்தி வருகிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

எங்கே கட்டுவது?

மும்பைத் துறைமுகத்தில் நீர் ஏறி இறங்கும் வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசை நாட்களை ஒட்டி நாலு மீட்டரைத் தாண்டும். காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் சேறு தெரியும். எனவே பெரும்பாலான படகுகள் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே ஆழத்தில் மிதவைகளில்தான் கட்டப்படுகின்றன. ஏறுவதற்கு இன்னொரு சிறு படகு வேண்டும். வயதான பெற்றோரையும் கைக்குழந்தையையும் அந்தச் சிறு படகிலிருந்து ஆடும் படகுக்கு மாற்றி ஏற்றுவதை நினைத்துப் பார்த்தபின் வாங்குவது நல்லது.

கொச்சியின் நிலைமை வேறு. போல்காட்டியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மரீனா இருக்கிறது. மேடையிலிருந்து நேராகப் படகில் கால் வைக்கலாம். தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கும். கோவாவில் மாண்டவி, சாப்போரா போன்ற ஆறுகளே படகுகளுக்கு அடைக்கலம். சென்னையில் நீர் ஏற்றம் மும்பை அளவுக்கு இல்லை. ஆனால் கரை திறந்த கரை. துறைமுகத்துக்குள் இருக்கும் யாட் கிளப்பை விட்டால் பாதுகாப்பான இடம் அதிகமில்லை. துறைமுகம் என்பதால் உள்ளே போய்வரப் பாதுகாப்புக் கெடுபிடி உண்டு.

ஏரி இதற்கெல்லாம் மாற்று. ஹைதராபாத் உசேன் சாகரிலும் புனே அருகே கடக்வாஸ்லாவிலும் பாய்மரப் படகோட்டம் நன்றாக நடக்கிறது. உப்பு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. ஐந்து மீட்டருக்குள் இருக்கும் படகை டிரெய்லரில் ஏற்றி வீட்டு வளாகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். முதல் படகுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

கட்டுமிடத்தை முடிவு செய்யும்போது மழைக்காலத்தில் படகு எங்கே ஏறும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மேற்குக் கரையில் மே மாதக் கடைசியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிரேன் தேவைப்படும். முன்பதிவு செய்யாதவர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பருவமழை நாள் பார்த்து வரும், புயல் அப்படி வராது. 2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பைக் கரையை ஒட்டிப் போனபோது கொலாபாவில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. ஜூன் வரை நேரமிருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு அது பாடம். கிழக்குக் கரையில் இந்த ஆபத்து அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2016ல் வர்தா சென்னையைத் தாக்கியது டிசம்பர் 12 அன்று.

கட்டுமிடமும் கரையேற்றும் இடமும் எழுத்து மூலமாக உறுதியான பிறகே படகு பார்க்கப் புறப்பட வேண்டும். விற்பவர் தன் மிதவையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால், அது அவர் பெயரிலிருந்து மாறுமா என்று துறைமுக அலுவலகத்திலோ கிளப்பிலோ நேரில் விசாரிப்பது அவசியம். பல இடங்களில் அது ஆளுக்குத் தரும் அனுமதி, படகுக்குத் தருவதல்ல.

புதியதா, பழையதா?

புதிய உல்லாசப் படகுகளுக்கும் யாட்களுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் அதன் மேல் 3 சதவீத செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி வேறு. வாங்கிய மறுநாளே அந்த வரி காற்றில் போய்விடுகிறது. விற்கும்போது யாரும் அதைத் திருப்பித் தரப்போவதில்லை. எனவே முதன்முறை வாங்குபவர்களுக்குச் செகண்ட்ஹேண்ட் படகே ஏற்றது.

இன்னொரு சபலமும் உண்டு. மீன்பிடிப் படகுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். உறுதியான ஃபைபர் உடல், மலிவான விலை. அதை வாங்கி இருக்கை போட்டு, மேலே ஒரு கூரையும் தளமும் கட்டினால் உல்லாசப் படகு ஆகிவிடாதா? ஆகாது. மீன்பிடிப் படகில் சுமை அடியில் இருக்கும்: ஐஸ், மீன், வலை. ஆட்களை மேல்தளத்தில் உட்கார வைத்தால் எடை முழுவதும் மேலே ஏறுகிறது. அசையாத வரை படகு நன்றாக மிதப்பது போலிருக்கும். எல்லாரும் ஒரே பக்கம் நகரும்போது கவிழும்.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மீன்பிடிப் படகை மாற்றி அமைத்து அதில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். இரண்டும் கட்டணம் வாங்கி ஓட்டிய படகுகள்தான். ஆனால் சொந்தப் படகு என்பதற்காகத் தண்ணீர் சலுகை காட்டுவதில்லை. முதலில் கட்டிய வரைபடத்துக்கும் இன்றைய உருவத்துக்கும் வித்தியாசம் இருந்தால், கப்பல் கட்டுமானப் பொறியாளர் ஸ்திரத்தன்மையைக் கணக்கிட்டுக் கையெழுத்துப் போட்ட தாள் இருக்க வேண்டும். இல்லையென்றால் விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

தட்டிப் பார்த்து வாங்க வேண்டும்

மாம்பழத்தை முகர்ந்து பார்ப்பது போல, ஃபைபர் படகைத் தட்டிப் பார்க்க வேண்டும். சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் உடல் முழுவதும் மெல்லத் தட்டினால் நல்ல இடம் ‘டக்’கென்று தெளிவாக ஒலிக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்த இடம், நீர் ஊறிய இடம் ‘தொப்’பென்று மந்தமாக ஒலிக்கும். இதற்குப் படகு கரையில் இருக்க வேண்டும். தண்ணீரிலேயே பார்த்துவிட்டு வாங்கச் சொல்பவரிடம் அவசரம் கூடாது.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருந்தால் வெளிப்பூச்சைத் தாண்டி நீர் உள்ளே புகுந்திருக்கிறது. சில கொப்புளங்களைச் சரிசெய்யலாம். அம்மை வார்த்தது போல எங்கும் இருந்தால் வேலை மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் பெரிது. நட்சத்திரம் போலக் கிளைவிட்ட விரிசல், எங்கோ மோதியதன் அடையாளம். புதிதாக ஒரு பகுதிக்கு மட்டும் வர்ணம் அடித்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

அவுட்போர்டு மோட்டார் தொங்கும் பின்பலகையை முக்கியமாகச் சோதிக்க வேண்டும். பல படகுகளில் ஃபைபர் தோலுக்குள் பிளைவுட் பலகைதான் இருக்கிறது. போல்ட் துளை வழியாக நீர் இறங்கினால் அது உள்ளேயே மக்கும், வெளியே தெரியாது. மோட்டாரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பலகையும் சேர்ந்து அசைகிறதா என்று பார்க்கலாம். மரப் படகு என்றால் தேய்ந்த கத்தி முனையால் சந்தேகமான இடங்களில் மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். கப்பல் புழு வெளியே ஊசித் துளை மட்டும் விட்டு உள்ளே மரத்தைத் தேன்கூடாக்கிவிடும்.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிரமத்தை மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கலாம். மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். அவுட்போர்டின் கீழ்ப்பெட்டி கியர் ஆயிலைச் சிறிது வடித்துப் பார்த்தால் போதும்: பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓட்டும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் முழுதாக எரியவில்லை, அல்லது இன்ஜினுக்குச் சுமை அதிகம்.

பாய்மரப் படகில் பாயைவிட மரத்தைத் தாங்கும் இரும்புக் கம்பிகளே முக்கியம். துருப்பிடிக்காத எஃகும் கம்பியின் முனைகளில் ரகசியமாகத் துருப்பிடிக்கும். 10 முதல் 15 வருடத்தில் அவற்றை மாற்றுவது வழக்கம். கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும். பாய்த்துணி நம் வெயிலில் சீக்கிரம் நலியும். மடிப்பில் விரலை அழுத்தித் தேய்த்தால் நூல் உதிர்கிறதா என்று பார்க்கலாம்.

கடைசியில் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் குறைந்தது ஒரு மணி நேரம். சூடேறிய பிறகே பல கோளாறுகள் தலைகாட்டும். திரும்பி வந்ததும் அடித்தளப் பலகையைத் தூக்கி உள்ளே எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்கும் கடல்சார் சர்வேயர் ஒருவரை வாங்குபவரே கூலி கொடுத்து அழைத்துவர வேண்டும். விற்பவர் காட்டும் பழைய அறிக்கை போதாது. மும்பையில் இன்னொரு வழியும் உண்டு. படகைக் கவனிக்கும் டின்டல், கலாசிகளோடு ஒரு டீ குடிப்பது. எந்தப் படகு எத்தனை முறை கட்டி இழுத்து வரப்பட்டது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

காகிதத்திலும் ஓட்டை இருக்கும்

உள்நாட்டு நீர்வழிகளில், அதாவது ஆறு, ஏரி, காயல்களில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு 2021ம் வருடத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பொருந்தும். 1917ம் வருடத்துப் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்தது இது. சர்வே சான்றிதழ், பதிவுச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுவதும் செல்லும். திறந்த கடலுக்குப் போவதானால் வணிகக் கப்பல் சட்டத்தின் விதிகள் வேறு. படகு எங்கே ஓடப்போகிறது என்பதைச் சொல்லி, எந்தப் பதிவு தேவை என்று மாநிலக் கடல்சார் வாரியத்திலோ, கோவா என்றால் கேப்டன் ஆஃப் போர்ட்ஸ் அலுவலகத்திலோ முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் படகின் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜின் எண்ணும் அப்படியே. வங்கிக் கடன் பாக்கி, துறைமுகக் கட்டணப் பாக்கி, கட்டுமிடப் பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதங்கள் வேண்டும். வெளிநாட்டில் கட்டிய படகு என்றால் சுங்க வரி கட்டிய ரசீது இல்லாமல் தொடவே கூடாது. வெளிநாட்டுக்காரர் கோவாவில் விட்டுப்போன மலிவு விலை யாட் என்ற பேச்சு காதில் விழுந்தால் முதலில் கேட்க வேண்டியது அந்த ரசீதைத்தான்.

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்திக் கடல் வழியாக வந்தார்கள். அதற்குப் பிறகு கடலோரக் காவல் இறுகியது. தாள் சரியில்லாத படகு நடுக்கடலில் நிறுத்தப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை காவல் நிலையத்தில் கழியும். வெளிநாட்டு யாட்டோடு சாட்டிலைட் ஃபோன் இலவசமாக வந்தால் மகிழ வேண்டாம். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

யானைக்குத் தீனி

வாங்கியாயிற்று. இனி யானையைக் கட்டித் தீனி போடும் கதை. உப்புநீரில் ஓடிய அவுட்போர்டை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாத இன்ஜின் சீக்கிரம் விலைபோகாத இரும்பாகிவிடும். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ். குளிர்நீரை இழுக்கும் ரப்பர் சக்கரம் சில நூறு, சில ஆயிரம் ரூபாய் சாமான்தான். அது கிழிந்தால் இன்ஜினே வெந்துபோகும்.

உலோகப் பகுதிகளைக் காக்கத் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். இரும்புக்குப் பதில் அவை அரிக்கப்படுகின்றன. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான நம் கடலில் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் வேகமாக ஒட்டும். சிப்பி ஒட்டிய படகு மெதுவாகப் போகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை சுரண்டி, சிப்பி ஒட்டாத வர்ணம் பூச வேண்டும்.

உள்ளே இன்ஜின் உள்ள பெட்ரோல் படகில் ஒரு விதியை மீறக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடித்தளத்தில் போய்ப் படியும். சாவியைத் திருப்புமுன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, காற்றாடியைச் சில நிமிடம் ஓடவிட வேண்டும்.

உயிர்காப்பு மேலங்கி ஆளுக்கு ஒன்று வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவு. பெரியவர்களுடையது குழந்தையின் தலைக்கு மேல் கழன்று போய்விடும். அது இருக்கைக்கு அடியில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்குரியது 16ம் சானல். புறப்படும்போது எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதற்குச் செலவே இல்லை. ஓட்டக் கற்றுக்கொள்ள கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் விசைப்படகுப் பயிற்சி தருகிறது.

இன்சூரன்ஸ் பத்திரத்தில் எந்தக் கடற்பகுதி, எந்த மாதங்கள் என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் கரையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எடுத்த பாலிசி, ஜூலையில் மிதவையில் மூழ்கிய படகுக்குப் பணம் தராது.

செலவைக் குறைக்க இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குவது நல்ல யோசனை. ஆனால் நட்பை நம்பாமல் ஒப்பந்தத்தை எழுத வேண்டும். யாருக்கு எந்த ஞாயிறு, உடைத்தவர் யார் என்று தெரியாதபோது யார் பணம் கட்டுவது, ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை எந்த விலைக்கு யார் வாங்குவது – இந்த மூன்றும் அதில் இருந்தால் நட்பும் மிஞ்சும்.

விற்கும் நாள்

விற்பனை, வாங்கிய நாளிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு சர்வீஸ் ரசீதும் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடிய மணிகளைக் குறித்த நோட்டு இருக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு படகுகளில் கோப்பு உள்ள படகுதான் முதலில் விலைபோகும்.

மேற்குக் கரையில் மே மாதத்தில் விற்பது முட்டாள்தனம். மழைக்காலச் செலவைத் தவிர்க்க எல்லாரும் அப்போதுதான் விற்க நினைக்கிறார்கள். வாங்குபவர் நான்கு மாதம் கரையில் வைத்திருக்கும் செலவையும் கழித்துத்தான் கேட்பார். செப்டம்பரில் சுத்தம் செய்து, வர்ணம் பூசி, அக்டோபரில் தண்ணீரில் இறக்கிக் காட்டினால் முழுப் பருவமும் எதிரே இருக்கிறது. அப்போதுதான் வாங்குபவருக்குக் கை துடிக்கும். பார்க்க வருபவர் மூக்கில் டீசல் நாற்றமும் பூஞ்சை வாடையும் படாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

முன்பணமும் எழுத்தில் விலையும் வராமல் கடலில் ஓட்டிக் காட்டக் கூடாது. ஓசிச் சவாரிக்கு வருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விலையில் எவை சேரும் என்று நங்கூரம், டிரெய்லர், உயிர்காப்பு மேலங்கி வரை பட்டியல் போட வேண்டும். முழுப் பணமும் வந்த பிறகே சாவி. அதோடு முடியவில்லை. பதிவுப் பெயரை மாற்றும் மனுவை விற்பவரே முன்னின்று கொடுக்க வேண்டும். பெயர் மாறாத படகு விபத்துக்குள்ளானாலும் கடத்தலுக்குப் போனாலும் போலீஸ் தட்டுவது பழைய சொந்தக்காரரின் கதவைத்தான்.

காத்திருக்கவும் கூடாது. இரும்புக் கப்பலை உடைத்தால் இரும்பு விலையாவது கிடைக்கும். ஃபைபரை உருக்க முடியாது, காயலான் கடைக்காரரும் தொடமாட்டார். விலைபோகாத ஃபைபர் படகுக்குக் கரையில் இட வாடகை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு பருவம் நகராத படகை, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதே லாபம். முடியாவிட்டால் இன்ஜின், பாய், டிரெய்லர் என்று பிரித்து விற்கலாம். அவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு.

கையெழுத்துப் போடுமுன்

• கட்டுமிடமும் மழைக்கால இடமும் எழுத்தில் உறுதியா?
• சென்ற வருடம் எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள்? மொத்தச் செலவை அதால் வகுத்தாயிற்றா?
• படகைக் கரையில் பார்த்தாயிற்றா? இன்ஜின் குளிர்ந்திருந்தபோது ஸ்டார்ட் ஆனதா?
• சர்வேயர் உங்கள் கூலிக்கு வந்தவரா?
• கட்டிய உருவத்திலிருந்து மாற்றியிருந்தால் ஸ்திரத்தன்மைக் கணக்கு உண்டா?
• பதிவு எண், இன்ஜின் எண், சுங்க ரசீது, பாக்கி இல்லாச் சான்று: நான்கும் கையில் உண்டா?
• படகு விலைக்கு மேல் முதல் வருடச் செலவுக்கும் பணம் தனியாக இருக்கிறதா?

ஏழில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் இந்தப் படகைப் போகவிடலாம். அடுத்த மே மாதம் விற்பவர்கள் வரிசையில் நிற்பார்கள்.